பெட்டகத்தில் கிடைத்த ரிவால்வர்: படிப்பதும் காப்பதும்

முதலில் ஒன்று: புளி போட்டுத் துலக்காதீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் பித்தளையும் வெண்கலமும் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது பழக்கம். அதே கையோடு பாட்டையா காலத்து ரிவால்வரையும் புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். புளியின் அமிலம் எஃகின் மேலிருக்கும் நீலக் கருமையை அரை மணி நேரத்தில் தின்றுவிடும். செங்கல் தூள் எழுத்துகளின் விளிம்பை மழுக்கிவிடும். நூறு ஆண்டு தாங்கிய பொருளின் வரலாறு ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் போய்விடும். பழைய ரிவால்வரின் மதிப்பு பளபளப்பில் இல்லை. அது பட்டறையை விட்டு வந்த நாளின் தோற்றமும், அதன் மேல் குத்திய முத்திரைகளும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, அதைவிட முக்கியம்: உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எண்ணிக் கொள்ளுங்கள். இரும்புப் பெட்டியில் எண்பது ஆண்டு கிடந்தாலும் தோட்டா வெடிக்கும். குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விசையில் விரல் படாமல் வையுங்கள். திறக்கும் முறை வகைக்கு வகை மாறும். இங்கிலாந்தின் வெப்லி நிறுவனத்து ரிவால்வர் போன்றவற்றில் உடற்சட்டத்தின் (குழலும் கைப்பிடியும் பொருந்தும் இரும்பு உடலின்) இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் குழல் முன்னால் மடங்கும், நட்சத்திர வடிவத் தகடு தோட்டாக்களை மேலே தூக்கும். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் பிற்கால வகைகளில் சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை, இடப்பக்கம் வெளியே வரும். 1873ஆம் ஆண்டு கோல்ட்டில் வலப்பக்கம் சிறு கதவு உண்டு. ஒவ்வொரு அறையாகத்தான் பார்க்க முடியும். துருவேறி இறுகியிருந்தால் தட்டவோ நெம்பவோ வேண்டாம், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் பார்க்கட்டும். தோட்டா முனையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது ஈயத்தின் துரு, நஞ்சு. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஊரில் உலவும் தவறான நம்பிக்கை ஒன்று உண்டு: "நூறு வருசம் ஆனால் உரிமம் வேண்டாம்." அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழைய வகையாகவோ தொன்மை மதிப்பு உள்ளதாகவோ பழுதானதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்ற நிலையில் இருப்பது அந்த விலக்கில் வராது. வெப்லிகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் கிடைக்கும். உரிமம் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் வழக்கறிஞரைக் கலந்து, தாமதமின்றி எழுத்து மூலமாகக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து ஒப்படைப்பதே வழி. ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள். வரிசை எண் அதில் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். குழலை அறுப்பது, வெல்டிங் வைத்து அடைப்பது என்று சொந்தமாக எதையும் செய்ய வேண்டாம்.

உரிமம் வைத்திருந்தவர் காலமாகியிருந்தால் வாரிசு விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமில்லாக் கடிதம், பழைய உரிமப் புத்தகம் ஆகியவை கையில் இருக்கட்டும். ஊரைப் பொறுத்துச் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகம். இங்கே ஒரு குழப்பம் வரும். வீட்டுக்குப் பங்காளிகள் முப்பது பேர் இருக்கலாம். துப்பாக்கிக்கோ, உரிமம் வைத்திருந்தவரின் சட்டப்படியான வாரிசுகள்தான் கணக்கு. பர்மாவில் தந்த உரிமம் இன்று செல்லாது, ஆனாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். பொருள் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொரு தடை குழல் துளையின் அளவில் இருக்கிறது. .455, .380 தோட்டா ஏற்கும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட வகை. ஆட்சியர் உரிமம் அதற்குப் போதாது, மத்திய அரசின் அனுமதி வேண்டும். .32 அந்தத் தடையில் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியது இரண்டு துப்பாக்கிகள்தான்.

இனி அடையாளம் காண்பது. ஜன்னலோரம் வைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். மழுங்கிய முத்திரையும் நிழலில் எழும்பி வரும். எழுத்து தெரிய வேண்டும் என்று திருநீறோ அரிசி மாவோ பூசாதீர்கள். மாவு ஈரத்தை இழுக்கும், பூச்சியையும் அழைக்கும்.

இங்கிலாந்துத் துப்பாக்கி என்றால், சுட்டுப் பார்த்துத் தாங்குகிறது என்று உறுதி செய்யும் சோதனைச் சாலையின் முத்திரை இருக்க வேண்டும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் தொடங்கியது. கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி. என்ற எழுத்துகள் இருந்தால் அது 1904க்குப் பிந்தைய பர்மிங்ஹாம் முத்திரை. முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ.எல்.ஜி. என்றும் அருகே ஒரு நட்சத்திரமும் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை. ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். வெப்லி நிறுவனம் 1872இல் கொண்டுவந்த 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற குட்டை ரிவால்வரை லியேஜ் பட்டறைகள் ஏராளமாக நகலெடுத்தன. சிலிண்டருக்கு மேலே ஓடும் மேல்தகட்டில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக இருக்கும். சிலிண்டரில் லியேஜ் முத்திரை இருக்கும். பெயரை நம்பாதீர்கள், முத்திரையை நம்புங்கள். அதற்காக அந்த நகலை ஒதுக்கவும் வேண்டாம். அதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான், வெப்லி என்று சொல்லி விற்றால்தான் தவறு.

வெப்லியின் சிறகு முளைத்த தோட்டாச் சின்னம் பல வகைகளில் காணப்படும். அம்பு முனை போன்ற குறி அரசுடைமை என்று பொருள். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், படை அதை வெளியே விற்றுவிட்டது என்று பொருள். கல்கத்தாவின் மேன்டன், ரோடா போன்ற கடைகளின் பெயரும் மேல்தகட்டில் இருக்கலாம். அது செய்தவர் பெயர் அல்ல, விற்றவர் பெயர். எழுத்துப் பிழையோடு ஆங்கிலம் இருந்தாலோ, முத்திரைகள் கோணல் மாணலாக இருந்தாலோ வடமேற்கு எல்லைப்புறப் பட்டறைகளில் கையால் செய்த நகலா என்று சந்தேகப்படுங்கள்.

வெப்லி படைத்துறை வகைகளைப் பிரிக்கக் கைப்பிடியே போதும். 1887இல் வந்த மார்க் 1 முதல் 1913இன் மார்க் 5 வரை கைப்பிடியின் அடி பறவையின் தலை போல வளைந்திருக்கும். 1915இன் மார்க் 6இல் அடி சதுரமாகிவிட்டது, குழலும் ஆறு அங்குலம். வெறும் எடையே ஒரு கிலோவுக்கு மேல். 1921 முதல் 1926 வரை இதே மார்க் 6ஐ என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையும் செய்தது. 1932இல் படை ஏற்ற என்ஃபீல்டு நம்பர் 2 சிறிய .380 வகை, 1938இல் வந்த அதன் மாற்று வடிவத்தில் குதிரையின் (தோட்டாவை அடிக்கும் சுத்தியலின்) கொம்பை வெட்டிவிட்டார்கள். கொம்பு இல்லையே என்று உடைந்ததாக நினைத்துவிட வேண்டாம், வடிவமே அப்படித்தான்.

குழலின் நீளத்தைச் சிலிண்டரைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். வரிசை எண் உடற்சட்டத்திலும் சிலிண்டரிலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். வேறுபட்டால் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். .455 வெப்லி சிலிண்டரின் பின்முகத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் .45 ஏ.சி.பி. தோட்டா போடுவதற்காகப் பல சிலிண்டர்களின் பின்பக்கத்தைக் கடைந்து மெல்லியதாக்கினார்கள். எண்கள் பாதி அறுந்திருந்தால் அதுதான் காரணம். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லியின் தாங்கு திறனுக்கு மேல், ஆகவே ஆபத்து. சேகரிப்பு மதிப்பும் குறையும். திருகாணிகளின் வெட்டு சிதைந்திருந்தால் பொருந்தாத ஸ்குருடிரைவர் போட்டு யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

விசையை வெறுமனே இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள்; குதிரையின் மூக்கு உடையும், பழைய 'வி' வடிவ ஸ்பிரிங் ஒடியும். சினிமாவில் போல ஒரே உதறலில் சிலிண்டரை மூடினால் அதைத் தாங்கும் இரும்புக் கரம் வளையும்.

சுத்தம் செய்ய அதிகம் தேவையில்லை. தையல் மிஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு, துவைத்து நைந்த வேட்டித் துணி, நைட்ரைல் கையுறை. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். தாவர எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகிப் பிசினாகும். உள்ளே பல்லும் ஸ்பிரிங்கும் ஒட்டிக்கொண்டு அசையாமல் போன பல ரிவால்வர்களுக்கு அதுவே காரணம். பழுப்பு நிறத்தில் இறுகிப் படிந்தது காலத்தின் படிவு, அதை விட்டுவிடுங்கள். செம்பொடியாக உதிர்வதுதான் உயிருள்ள துரு. அதன் மேல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மிக நுண்ணிய நான்கு பூஜ்ய எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் அந்த இடத்தில் மட்டும் எடுங்கள். எண்ணெயைத் துடைத்த பிறகு ரினைசன்ஸ் மெழுகு விரல் நுனியளவு பூசி மெருகு கொடுங்கள். இது 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான மெழுகு. வல்கனைட் (இறுக்கிய ரப்பர்) கைப்பிடியில் எண்ணெய் படக் கூடாது. வெயிலில் அது பழுப்பாகி நொறுங்கும். மறுபடி நீலம் ஏற்றுவதும் நிக்கல் முலாம் பூசுவதும் மதிப்பைக் கெடுக்கும் செலவு.

தோல் உறைக்குள் போட்டு வைப்பது அடுத்த பெரிய தவறு. தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தைப் பிடித்து, உறையின் வடிவத்திலேயே துருவைப் பதிக்கும். உறையும் ரிவால்வரும் தனித்தனியாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் கவலை இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வளவை (வீட்டு நடுமுற்றத்தை) ஒட்டிய அறைகள் ஈரம் காக்கும். ரப்பர் விளிம்புள்ள மூடிய பெட்டியில் 50 கிராம் சிலிகா ஜெல் பை ஒன்றைப் போட்டு, ஈரப்பதமானி 40 முதல் 50 சதவீதத்துக்குள் காட்டும்படி பாருங்கள். நிறம் மாறினால் சிலிகா ஜெல்லை அடுப்பில் 110 டிகிரிக்குச் சற்று மேல் காய வைத்துத் திரும்பப் போடலாம். கற்பூரமும் பாச்சை உருண்டையும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பூட்டு இருக்க வேண்டும்.

இரண்டுக்கு மேல் வைக்க முடியாத நாட்டில் சேகரிப்பு என்பது பெரும்பாலும் ரிவால்வரைச் சுற்றியிருந்த பொருள்கள்தான், அதிலும் நிறைவு உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ரிவால்வரைக் கேட்காதீர்கள். யாராவது காட்டினாலும் வாங்காதீர்கள். தேட வேண்டியவை தோல் உறைகள், தோள்கயிறு, கடைச் சீட்டு ஒட்டிய மரப் பெட்டிகள், பழைய விலைப்பட்டியல்கள், பித்தளை வெடிமருந்துக் குடுவை, எண்ணெய்ப் புட்டி, 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் தந்த உரிமத் தாள்கள். மரப் பெட்டி வாங்கினால் உள்ளே விரித்த பச்சைத் துணியைப் பாருங்கள். நூறு ஆண்டு ஒரே ரிவால்வர் கிடந்த பெட்டியில் சிலிண்டரின் அழுத்தம் தனிப் பள்ளமாகவும், வெளிச்சம் படாத பகுதி கருப்பச்சையாகவும் இருக்கும். துணி முழுக்க ஒரே நிறமாக, பசை வாசத்தோடு இருந்தால் அது புதிதாக ஒட்டியது. உறையில் தையல் துளைகளைப் பாருங்கள். பழைய நூல் தோலுக்குள் அமிழ்ந்திருக்கும், புது நூல் மேலே நிற்கும். தோட்டாவை மட்டும், ஒன்றே ஒன்று என்றாலும், தொடாதீர்கள். அதற்கும் உரிமம் வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி முத்திரைகளின் படம், அளவு, எங்கே, யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி, ரசீதையும் அதே பக்கத்தில் வையுங்கள். நூறு ஆண்டு தாண்டியவற்றுக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் மகனுக்குப் பார்சலில் அனுப்பிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.