கடலோரப் பழைய தெருவை மீட்பது: முகப்பிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரியின் வைசியாள் வீதி நல்ல பாடம். 2000-களின் தொடக்கத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அங்கே வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீரமைத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. தனித்தனி வீடாக அல்லாமல் ஒரு தெருவை முழுசாக எடுத்ததுதான் சூட்சுமம்.

முதலில் வீடு வீடாகப் படமெடுத்து, திண்ணை, தாழ்வாரத் தூண், பெயர்ந்த காரை, பின்னாளில் ஒட்டிய தகரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செலவில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்கட்டும். முழுக்க இலவசமென்றால் பராமரிப்பு அடுத்த மழையோடு நின்றுவிடும். பாகப்பிரிவினை முடியாத வீட்டில் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் வாங்காமல் சாரம் கட்டாதீர்கள்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவதுதான் பெரிய தவறு. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும்; உப்பு பொரிந்து செங்கல்லே மாவாகும். சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிடுங்கள். புதுப் பூச்சுக் கலவைக்கு, குறைந்தது இரண்டு வாரம் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. சுவரை நனைத்துவிட்டு, ஒரு பூச்சுக்கு 10–12 மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசுங்கள், மிஞ்சினால் வெடிக்கும். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு வேலை வேண்டாம். மேலே சுண்ணாம்பு அடிப்பதே சரி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்டபாடெல்லாம் வீண்.