தற்காலிக முகவரிக்கும் ஸ்பேம் வருகிறதா? அடைப்பது இப்படித்தான்

கடையில் பில் போடும்போதும் புது ஆப்பில் பதிவு செய்யும்போதும் சொந்த மின்னஞ்சலைத் தராமல் தற்காலிக முகவரியைக் கொடுப்பவரா நீங்கள்? நல்ல பழக்கம். ஆனால் அந்த முகவரிக்கும் ‘உங்கள் லோன் ரெடி’ என்று மடல்கள் குவிய ஆரம்பித்தால், ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது. முகவரியையே அடைத்துவிடலாம். அதற்காகத்தானே தனியாக ஒன்றைக் கொடுத்தோம்!

படி 1: எந்த முகவரிக்கு வந்தது?

ஜிமெயிலில் மடலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். யார் அனுப்பியது, எந்த முகவரிக்கு வந்தது என்ற விவரம் விரியும். துணிக்கடைக்கு மட்டும் கொடுத்த முகவரிக்கு லோன் கம்பெனி எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் அந்த முகவரி எப்படியோ வெளியே போய்விட்டது. கடை விற்றதா, யாராவது திருடினார்களா என்பது இதை வைத்துத் தெரியாது. அதனால் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

படி 2: அன்சப்ஸ்கிரைப் அழுத்தலாமா?

‘இனி மடல் வேண்டாம்’ என்று விலகுவதற்கான பொத்தான் இது. நீங்களே பதிவு செய்த, தெரிந்த நிறுவனம் என்றால் தாராளமாக அழுத்தலாம். மொத்தமாக விளம்பர மடல் அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024 முதல் கட்டாயமாக்கியிருக்கின்றன. முன்பின் தெரியாத ஆள் அனுப்பியது என்றால் மடலுக்குள் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடாதீர்கள். தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: அடையுங்கள்

ஜிமெயில் பிளஸ் முகவரி: உங்கள் பெயருக்குப் பின்னால் ‘+துணி’ என்று சேர்த்துக் கொடுப்பது (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்). இதற்கு ஃபில்டர் (வரும் மடலை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் விதி) போட வேண்டும். ஃபோன் ஆப்பில் அந்த வசதி இல்லை, கணினியில் ஜிமெயிலைத் திறந்துகொள்ளுங்கள். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் ஐகானை அழுத்தி, ‘டு’ கட்டத்தில் பிளஸ் முகவரியை முழுதாகப் போட்டு, ‘கிரியேட் ஃபில்டர்’ கொடுங்கள். அடுத்து வரும் பட்டியலில் ‘டெலீட் இட்’ டிக் செய்தால் இனி வருவதெல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகும். அங்கே 30 நாள் இருக்கும், தேவைப்பட்டால் மீட்கலாம். ஒரு குறை: ‘+துணி’யை வெட்டிவிட்டால் உங்கள் நிஜ முகவரி கிடைத்துவிடும். ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாத ரகசியம் இல்லை.

ஃபயர்ஃபாக்ஸ் ரிலே: ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்காரர்களின் சேவை. என் ஓட்டு இதற்குத்தான். இலவசமாக 5 முகமூடி முகவரிகள் தருகிறார்கள். வரும் மடலை உங்கள் நிஜ முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள், கடைக்காரருக்கு நிஜ முகவரி தெரியாது. தொல்லை வந்தால் ரிலே தளத்தில் நுழைந்து, அந்த முகவரிக்கு எல்லா மடலையும் தடுக்கும்படி மாற்றிவிடுங்கள். தடுத்திருக்கும் காலத்தில் வந்தவை திரும்பக் கிடைக்காது. முகவரியை டெலீட் மட்டும் செய்துவிடாதீர்கள், அதே முகவரியை மறுபடி வாங்க முடியாது. இன்னொன்று, இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட மடலை ஜிமெயிலில் ‘ஸ்பேம்’ என்று புகார் செய்யாமல் இருப்பது நல்லது. பழி திருப்பி அனுப்பிய ரிலே மேல் விழுந்து, அப்புறம் நல்ல மடலும் ஸ்பேமுக்குள் போய்ச் சேரலாம்.

பத்து நிமிட முகவரி: சில தளங்கள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தரும் முகவரி. எதுவும் செய்ய வேண்டாம், தானே காலாவதியாகிவிடும். ஆனால் மெயிலினேட்டர் போன்ற தளங்களின் பொது இன்பாக்ஸுக்குக் கடவுச்சொல் கிடையாது. பெயர் தெரிந்த யாரும் உள்ளே வந்து படிக்கலாம். ஓடிபி, பில் எதையும் அங்கே வரவைக்காதீர்கள்.

அடைப்பதற்கு முன்

அந்த முகவரியை வைத்து ஏதாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் மறந்தால் மீட்பு லிங்க் அங்கேதான் வரும். அப்படி ஒன்று இருந்தால் முதலில் அந்தத் தளத்தின் செட்டிங்ஸில் புது முகவரியைக் கொடுத்து, உறுதி செய்யும் மடல் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பழையதை அடையுங்கள்.