பித்தநாளப் புற்றுநோய்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, மலம் வெளுத்துப்போய் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. நம் ஊரில் உடனே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடுவதால் வந்த நம்பிக்கை அது. மலம் வெளுப்பது வேறு கதை: பித்தம் குடலுக்கு இறங்கவில்லை, அதைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளத்தில் அடைப்பு. அந்த அடைப்பு புற்றுநோயாகவும் இருக்கலாம். பத்தியத்தில் கழியும் ஒவ்வொரு வாரமும் நஷ்டம்தான்.

கல்லீரலின் வலது, இடது பித்தநாளங்கள் கூடும் இடத்தில் வருவது கிளாட்ஸ்கின் கட்டி. 1965-இல் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் 13 நோயாளிகளை வைத்து இதை விவரித்தார். அல்ட்ராசவுண்டில் கட்டி கண்ணில் படாமலே போகலாம். 'கல் இல்லை' என்ற வரியோடு நிம்மதியடையாமல், கல்லீரலுக்குள் நாளங்கள் விரிந்திருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சரியான ஸ்கேன் எடுக்கும் முன்பே ஸ்டென்ட் (அடைத்த நாளத்தில் பித்தம் வடிய வைக்கும் சிறு குழாய்) வைப்பது. காமாலை குறையும், சரி. ஆனால் விரிந்திருந்த நாளங்கள் சுருங்கி, சுற்றிலும் வீக்கம் வந்துவிட்டால் கட்டி எந்தக் கிளைவரை ஏறியிருக்கிறது, ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்பதைப் படத்தில் பிரித்தறிவது கடினம். எவ்வளவு கல்லீரலை வெட்டலாம், எவ்வளவு மிஞ்சும் என்று அறுவை மருத்துவர் கணக்குப் போடுவதே அதை வைத்துத்தான். அதனால் முதலில் சி.டி., எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்); அப்புறம் ஸ்டென்ட். குளிர்காய்ச்சலோடு நாளத்தில் கிருமித்தொற்று வந்துவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது, பித்தத்தை உடனே வடிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் சி.ஏ. 19-9 என்ற புற்றுநோய்க் குறியீடு அதிகம் என்றதும் புற்றுநோய் என்று முடிவுகட்டாதீர்கள். அடைப்பு மட்டுமே அதை ஏற்றிவிடும். ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த அழற்சியும் அச்சு அசல் இதே மாதிரி தெரியும். அதற்கு ஸ்டீராய்டு போதும், கத்தி வேண்டாம்.

அறுவைசிகிச்சைக்கோ மாற்றுக் கல்லீரலுக்கோ வாய்ப்பு இருக்கும்போது, வயிற்றுத்தோல் வழியாகக் கட்டியில் ஊசி குத்தி பயாப்சி எடுப்பதில் செல்கள் சிதறும் அபாயம் உண்டு. அறுவை முடியாது என்று முடிவான பிறகு, கீமோவுக்கு முன் திசுப் பரிசோதனை அவசியம். அந்தத் திசுவிலேயே மரபணுப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். குறிப்பாக, கட்டி கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களில் என்றால்.

ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபின் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு விடியும்வரை பார்க்காதீர்கள். ஸ்டென்ட் அடைத்திருக்கலாம், அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.