அம்பாசடர் ஆயில் பிரஷர்: ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் செருகாதீர்கள்

சித்திரை வெயிலில் சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது, என் பழைய அம்பாசடரின் ஆயில் பிரஷர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. தருமபுரியில் ஒரு பட்டறையில் காட்டினேன். ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைச் செருகிவிட்டு, "இனிமே முள்ளு நிக்கும் சார்" என்றார்கள். மறுநாள் காலை நின்றதும் உண்மைதான். சூடேறி, வண்டியை நிறுத்தி என்ஜினை மட்டும் மெதுவாக ஓடவிட்டதும் (ஐட்லிங்) பழையபடி படுத்துவிட்டது.

படுக்காமல் என்ன செய்யும்? பிரஷரைக் கொடுப்பது பம்பு. அளவு மீறினால் மட்டும் வால்வு திறந்து, மிச்ச ஆயிலை என்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்புக்குத் திருப்பிவிடும். சூடான ஐட்லிங்கில் அது எப்படியும் மூடித்தான் இருக்கும். மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் எதற்கு? கெடுதல் காலையில்தான். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது பிரஷர் தாறுமாறாக ஏறி, பம்பை இழுக்கும் கியருக்குச் சுமை கூடும், ஃபில்டர் சீலில் ஆயில் கசியும். ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவதும் இதே கூத்துதான். 1489 சிசி என்ஜினில் இந்த வால்வுக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. தளர்ந்திருந்தால் புது ஸ்பிரிங் போடுங்கள்.

அதற்கும் முன்னால் வேறொரு கேஜை மாட்டிப் பாருங்கள், முள்ளே பொய் சொல்லலாம். ஆயில் 20டபிள்யூ-50 கிரேடு தானா என்றும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பேரிங் தேய்ந்து பிரஷரை விடுகிறதோ என்று சந்தேகப்படலாம். என் வண்டியில் கடைசியில் தேய்ந்திருந்தது மெயின் பேரிங்.

சூடாகவும் குளிர்ந்தும் முள் ஏறவே இல்லையா? அப்போது வால்வைக் கழற்றலாம். தூசோ கசடோ சிக்கி மூடாமல் நின்றிருக்கக்கூடும். பிளாக்கின் இடது பக்கம் பின்கோடியில் குமிழ் நட்டு இருக்கும். என்ஜின் ஆறட்டும், கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிங்கை எடுத்ததும் உள்ளே கிண்ணம் போல ஒன்று தெரியும், அதுதான் வால்வு. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வால்வு உட்காரும் சீட்டில் கீறல் விழும். முனை சீவிய மரக்குச்சியைக் கிண்ணத்துக்குள் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். சீட்டில் லேசான தேய்மானம் இருந்து கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால், ஒரு துளியும் மிஞ்சாமல் கழுவுங்கள். அது நேரே பேரிங்குக்குத்தான் போகும்.

நட்டுக்கடியில் இரண்டு ஃபைபர் வாஷர் வரும். பழசையே போட்டுவிட்டுக் கசிகிறதே என்று முறுக்காதீர்கள், புதுசு போடுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, முள் அசையும்வரை என்ஜினைச் சுற்றவிடுங்கள்.