வாழிடப் பாதுகாப்பு அனுமதியில் தகவமை மேலாண்மைக் கடப்பாடுகளை எழுதுவது எப்படி

அமெரிக்காவில் காற்றாலை, வீட்டுமனை, நிலத்தடி நீரேற்றம், மரவெட்டு போன்ற பணிகளால் சட்டப் பட்டியலில் உள்ள ஓர் உயிரினத்துக்குத் தற்செயலாகத் தீங்கு நேரக்கூடும் என்றால், அப்பணியை நடத்துபவர் 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின் 10ஆம் பிரிவில் அனுமதி பெறலாம். அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது வாழிடப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் உடன் அளிக்க வேண்டும். இந்த வழி 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உருவானது. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான் புரூனோ மலையின் மிஷன் புளூ பட்டாம்பூச்சிக்காக வகுத்த திட்டமே அதற்கு முன்மாதிரி. இத்தகைய திட்டங்களை வரையும், சரிபார்க்கும் பணியில் உள்ள தமிழ்ப் பொறியாளர்களும் சூழலியல் ஆலோசகர்களும் மிகவும் தடுமாறும் இடம் தகவமை மேலாண்மை, அதாவது கண்காணிப்பில் தெரியவருவதற்கு ஏற்ப நடவடிக்கைகளை மாற்றிக்கொள்வது, பற்றிய அத்தியாயம்தான். அதை எந்த வரிசையில் சிந்தித்து எழுதுவது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

முதலில், அந்த அத்தியாயம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்க மீன் மற்றும் வனவுயிர்ச் சேவையும் தேசியக் கடல் மீன்வளச் சேவையும் 2000ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று வெளியிட்ட 'ஐந்து அம்சக் கொள்கை', உயிரியல் இலக்குகள், தகவமை மேலாண்மை, கண்காணிப்பு, அனுமதிக் காலம், மக்கள் பங்கேற்பு ஆகிய ஐந்தையும் பற்றி வழிகாட்டுகிறது. எல்லாத் திட்டங்களுக்கும் தகவமை மேலாண்மை கட்டாயம் என்று அக்கொள்கை சொல்லவில்லை. உயிரினத்தைப் பற்றிய அறிவில் உள்ள இடைவெளி, அந்த உயிரினத்துக்கே பெரும் ஆபத்தாக முடியக்கூடிய இடங்களில்தான் அதைக் கேட்கிறது. பேச்சுவார்த்தையில் தீராத சச்சரவுகளைத் தள்ளிப்போடும் இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. நடைமுறையில் இந்த எச்சரிக்கையே அதிகம் மீறப்படுகிறது. வௌவால் இறப்பு எத்தனை என்பதில் காற்றாலை நிறுவனமும் அனுமதி வழங்கும் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவையும் உடன்படவில்லை என்றால், "தகவமை மேலாண்மை வழியே கையாளப்படும்" என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுவிடுகின்றன. சிக்கல் அப்படியே இருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, அப்போது மேசையில் இல்லாத இருவர் அதைத் தீர்க்க வேண்டியதாகிறது.

ஆகவே, எழுதத் தொடங்கும் முன் உங்களுக்குத் தெரியாதவை எவை என்பதை ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். இறப்பு எண்ணிக்கை தெரியவில்லையா, ஈடு செய்யும் நடவடிக்கை பலன் தருமா என்பது தெரியவில்லையா, உயிரினம் அந்த நிலத்தை எந்தப் பருவத்தில் பயன்படுத்துகிறது என்பது தெரியவில்லையா? ஒவ்வொரு ஐயமும் தனிக் கண்காணிப்பையும் தனி நடவடிக்கையையும் கேட்கும். பிறகு, ஒவ்வொன்றுக்கும் அளக்கக்கூடிய இலக்கு ஒன்றை வையுங்கள். "வாழிடத்தின் தரத்தை மேம்படுத்துதல்" என்பதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. குறிப்பிட்ட பரப்பில், குறிப்பிட்ட தாவரம், குறிப்பிட்ட அடர்த்தியில், குறிப்பிட்ட ஆண்டுக்குள் நிலைபெற வேண்டும் என்பதை அளக்கலாம்.

அடுத்து, இந்த அத்தியாயத்தின் சட்டப் பின்னணியைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. 1994இல் கொள்கையாக அறிவிக்கப்பட்டு 1998 பிப்ரவரியில் விதியான 'நோ சர்ப்ரைசஸ்' உறுதிமொழி, அனுமதி பெற்றவர் தம் திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றி வரும்வரை, எதிர்பாராச் சூழ்நிலை ஏற்பட்டாலும் அவருடைய ஒப்புதல் இல்லாமல் கூடுதல் நிலமோ, நீரோ, பணமோ கேட்பதில்லை என்றும், ஒப்புக்கொண்டதற்கு மேல் புதிய கட்டுப்பாடுகளை விதிப்பதில்லை என்றும் அரசு தரும் வாக்கு. சூழ்நிலை எதிர்பாராதது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அரசையே சேரும். இதற்கு மாறாக, முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய 'மாறிய சூழ்நிலை' வந்தால் – காட்டுத்தீ அடிக்கடி பரவும் பகுதியில் தீ, புதிய உயிரினம் பட்டியலில் சேர்தல் போன்றவை விதியிலேயே தரப்பட்ட எடுத்துக்காட்டுகள் – திட்டத்தில் எழுதிய நடவடிக்கைகளை மட்டும் செய்தால் போதும். எழுதாததைக் கேட்க முடியாது.

இதன் பொருள் எளிது, ஆனால் கடுமையானது. கையெழுத்திடும் நாளில் எழுத்தில் இருப்பது மட்டுமே கடப்பாடு. பின்னர் அறிவியல் எதைக் கண்டுபிடித்தாலும், அதற்கு ஏற்ற செயல் திட்டத்தில் முன்பே எழுதப்படவில்லை என்றால், அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். தகவமை மேலாண்மை என்பதை நெகிழ்வுக்கான ஏற்பாடு என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்த அனுமதி முறையில் அது, நெகிழ வேண்டிய அளவை முன்கூட்டியே நிர்ணயிக்கும் ஏற்பாடு. அனுமதி பெறுபவரின் ஆலோசகருக்கும் இதே தெளிவு நன்மையே தரும். தம் கட்சிக்காரர் எதுவரை செலவு செய்ய நேரும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

எல்லை அளவை எழுதுவது

நான் பார்த்தவரை, எல்லை அளவை, அதாவது தொட்டதும் செயலைக் கட்டாயமாக்கும் எண்ணை, எழுதக் கற்றுக்கொள்ள மிகச் சிறந்த பாடம் டெக்சாஸின் எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கித் திட்டம். சான் அன்டோனியோ நகரும் சுற்றியுள்ள பண்ணைகளும் நீர் எடுக்கும் இந்த நிலத்தடி நீர்த்தாங்கிதான் நியூ பிரான்ஃபெல்ஸில் கோமல் ஊற்றுகளையும், சான் மார்கோஸில் அந்நகரின் பெயர் கொண்ட ஊற்றுகளையும் ஊட்டுகிறது. ஊற்றுகளில் ஃபவுண்டன் டார்ட்டர் என்ற சிறுமீனும், சான் மார்கோஸ் ஆற்றில் மட்டுமே வளரும் டெக்சாஸ் காட்டரிசியும் வாழ்கின்றன. எட்வர்ட்ஸ் நீர்த்தாங்கி ஆணையம், சான் அன்டோனியோ, நியூ பிரான்ஃபெல்ஸ், சான் மார்கோஸ் ஆகிய மூன்று நகரங்கள், டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் என ஐவரும் சேர்ந்து பெற்ற 15 ஆண்டு அனுமதி 2013இல் தொடங்கியது.

அத்திட்டத்தில் விவசாயிகளுக்கான ஓர் ஏற்பாடு உண்டு. விருப்பமுள்ள பாசன உரிமையாளர் தம் நீர் உரிமையின் ஒரு பகுதியைப் பதிவு செய்து, அதற்காக ஆண்டுதோறும் தொகை பெறுகிறார். அக்டோபர் 1 அன்று, ஜே-17 என்ற குறியீட்டுக் கிணற்றில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 635 அடியிலோ அதற்குக் கீழோ இருந்தால், அடுத்த ஆண்டு முழுவதும் அந்த நீரை அவர் இறைக்கக் கூடாது. அதற்குத் தனியே தொகை உண்டு. இந்த விதியில் குழு கூடி விவாதிக்க எதுவும் இல்லை. அளக்கும் இடம் ஒன்று, நாள் ஒன்று, எண் ஒன்று, செயல் ஒன்று. வறட்சி மேலும் முற்றி அதே கிணற்றில் மட்டம் 625 அடிக்குக் கீழ் இறங்கினால், சான் அன்டோனியோ பகுதியில் நீரெடுப்பை 44 சதவீதம் குறைக்கும் கடைசிக் கட்டம் அமலுக்கு வருகிறது. ஊற்று வற்றிய பிறகு செயல்படாமல், ஊற்றுக்கு முன்பே அறிகுறி காட்டும் கிணற்றை அளவுகோலாக்கியதையும் கவனியுங்கள். எல்லை அளவு, தீங்கு நேரும் புள்ளிக்குப் போதிய தொலைவுக்கு முன்பே இருக்க வேண்டும்.

இத்துடன், அதே திட்டம் தன் அனுமதிக் காலத்தை இரு கட்டங்களாகப் பிரித்து, முதல் கட்டத்தில் நீரியல் மாதிரியையும் உயிரியல் ஆய்வுகளையும் மேம்படுத்தி, முதற்கட்ட நடவடிக்கைகள் போதுமா என்று ஆராய்ந்த பின்னரே இரண்டாம் கட்டத்தை முடிவு செய்வது என்று வகுத்தது. போதாது என்றால் என்ன செய்வது என்பதும் வெறுமையாக விடப்படவில்லை. சான் அன்டோனியோ நகரின் நிலத்தடி நீர்ச் சேமிப்பு ஏற்பாட்டை இன்னும் அதிகமாகப் பயன்படுத்துவதே உத்தேச நடவடிக்கை என்று முன்பே எழுதப்பட்டது. அமெரிக்க தேசிய அகாதெமிகளின் குழு ஒன்று இதன் அறிவியலை வெளியிலிருந்து மதிப்பிட்டது. உங்கள் திட்டம் சிறியதாக இருந்தாலும், வெளி மதிப்பீட்டுக்கு ஓர் ஆண்டையும் ஒரு தொகையையும் ஒதுக்கி வையுங்கள்.

கண்காணிப்பை எழுதுவது

எல்லை அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அதை அளக்கும் முறை தளர்ந்தால் கடப்பாடு எப்போதும் விழித்துக்கொள்ளாது. காற்றாலைகளில் இது நன்கு தெரியும். டர்பைனுக்குக் கீழே கிடைத்த வௌவால் உடல்களின் எண்ணிக்கை, இறந்த வௌவால்களின் எண்ணிக்கை ஆகாது. தேடக்கூடிய நிலம் எவ்வளவு, தேடுபவர் எத்தனையைக் கண்டுபிடிக்கிறார், கீரி முதலியவை தின்பதற்கு முன் உடல் எத்தனை நாள் கிடக்கிறது என்ற மூன்றையும் கணக்கிட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள்: விழும் பரப்பில் 70 சதவீதத்தில்தான் தேட முடிகிறது, அங்கு கிடப்பவற்றில் 80 சதவீதம் கண்ணில் படுகிறது, தேடும் நாள்வரை பாதி உடல்களே எஞ்சுகின்றன என்றால், ஓர் இறப்பு பதிவாகும் வாய்ப்பு 28 சதவீதம் மட்டுமே. இரண்டு உடல்கள் கிடைத்தால் ஏறத்தாழ ஏழு இறந்திருக்கலாம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் இறப்பே இல்லை என்று எழுத இயலாது.

ஹவாய்த் தீவுகளில் இந்தக் கணக்குதான் அனுமதிகளைத் திருத்த வைத்தது. ஹவாய் ஹோரி வௌவாலின் இறப்பு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்ததால், ஓவாஹு தீவின் காவைலோவா காற்றாலை 60 வௌவால்கள் என்ற தன் அனுமதி அளவை 220 ஆகவும், மாவி தீவின் ஆவாஹி காற்றாலை 21 என்பதை 140 ஆகவும் உயர்த்தக் கோரின. அங்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் மென்பொருளைக் கொண்டு, 80 சதவீத நம்பக எல்லையின் மேல் அளவையே (உண்மை இறப்பு இதைத் தாண்டாது என்று 80 சதவீதம் நம்பத்தக்க எண்) அனுமதியோடு ஒப்பிடுகிறார்கள். பாலூட்டும் தாய் இறந்தால் குட்டியின் இழப்பையும் சேர்க்கிறார்கள். ஆகவே உங்கள் திட்டத்தில், ஒப்பிடப்படும் எண் கண்டெடுத்ததா, மதிப்பிட்டதா, மதிப்பீட்டில் நடு அளவா, மேல் அளவா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் எழும் வழக்கின் செலவு, கண்காணிப்புச் செலவையே விஞ்சிவிடும். தேடுதலின் இடைவெளி, பயிற்சி பெற்ற நாய்களைப் பயன்படுத்துவது, தேடுபவரின் திறனைச் சோதிக்கும் முறை ஆகியவற்றையும் இங்கேயே சேருங்கள்.

செயலை எழுதுவது

எல்லை அளவைத் தொட்டதும் என்ன நடக்கும்? "சேவையுடன் கலந்தாலோசிக்கப்படும்" என்பது பல வரைவுகளில் கிடைக்கும் விடை. கலந்தாலோசிப்பது செயல் ஆகாது. 2007இல் கலிபோர்னியாவின் டெல்டா ஸ்மெல்ட் மீன் பற்றிய வழக்கில், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இதைத்தான் சுட்டியது. அது 10ஆம் பிரிவு அனுமதி பற்றிய வழக்கு அன்று, 7ஆம் பிரிவின்கீழ் வந்த உயிரியல் கருத்துரை (அரசுத் துறையின் பணி உயிரினத்தை அழிவுக்குள்ளாக்குமா என்று சேவை தரும் மதிப்பீடு) பற்றியது. ஆனாலும் பாடம் பொருந்தும்: எல்லை அளவுகள் பட்டியலாக இருந்தன, அவற்றைத் தொட்டால் பணிக்குழு கூடும் என்றும் இருந்தது, குறிப்பிட்ட எந்தச் செயலும் கட்டாயமாக்கப்படவில்லை. அத்தகைய ஏற்பாடு மீனைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கண்டது.

அனுமதித்த மொத்த இறப்பைப் படிநிலைகளாகப் பிரித்திருக்கும் காற்றாலைக்கு எழுதும் ஒரு விதி ஏறத்தாழ இப்படி அமையலாம்: "மதிப்பிட்ட இறப்பின் மேல் அளவு, அப்போதைய படிநிலை அளவில் 75 சதவீதத்தை எட்டியதாக எந்த ஆண்டறிக்கையாவது காட்டினால், அனுமதி பெற்றவர் 30 நாட்களுக்குள் சேவைக்கு அறிவித்து, 60 நாட்களுக்குள் எல்லா டர்பைன்களிலும் இரவில் இறக்கை சுழலத் தொடங்கும் காற்று வேகத்தை வினாடிக்கு 5.0 மீட்டராக உயர்த்தி, அடுத்த படிநிலைக்கான ஈடு செய்யும் பணியைத் தொடங்குவார்." இதற்குப் பின்னும் இறப்பு குறையவில்லை என்றால் அடுத்த செயல் எது என்பதையும் எழுதுங்கள். காவைலோவாவில் 2019இல் 30 டர்பைன்களிலும் மீயொலியால் வௌவாலை விலக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. இத்தகைய செயல்களைக் குறைந்த அளவு முதல் மிகுந்த அளவு வரை ஒரு வரம்பாகத் திட்டத்திலேயே வகுத்திருந்தால், அவற்றைச் செயல்படுத்த அனுமதியைத் திருத்த வேண்டியதில்லை. வரம்புக்கு வெளியே சென்றால் முறையான திருத்தம், சுற்றுச்சூழல் மதிப்பீடு, மக்கள் கருத்துக்கேட்பு என்று நீளும். அதற்குள் ஓரிரு இனப்பெருக்கப் பருவங்கள் கடந்துவிடும்.

பணம்

போதிய நிதி உறுதி செய்யப்பட்டிருப்பது, அனுமதி வழங்குவதற்குச் சட்டம் வைத்துள்ள நிபந்தனைகளுள் ஒன்று. வழக்கமான பணிகளுக்கு மட்டும் நிதி காட்டி, தகவமை நடவடிக்கைகளுக்குக் காட்டாமல் விடுவது பரவலான குறை. சாக்ரமென்டோ அருகே நாட்டோமாஸ் படுகைத் திட்டம் 2000இல் நீதிமன்றத்தில் தடுமாறியதற்கு இது ஒரு காரணம். அங்கு நிதி, கட்டுமானத்தின்போது செலுத்தும் கட்டணத்தைச் சார்ந்திருந்தது. பின்னர் செலவு கூடினால் ஏற்கெனவே கட்டிமுடித்தவரிடம் கேட்க முடியாது, நகரமும் ஈடு நிற்கவில்லை. ஆகவே, வரம்பின் உச்ச நடவடிக்கைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு, விலையேற்றத்தையும் சேர்த்து, வங்கி உறுதிக் கடிதமாகவோ, பிணைப் பத்திரமாகவோ, அறக்கட்டளை நிதியாகவோ வையுங்கள். மின்னுற்பத்தி குறைவதால் ஏற்படும் வருவாய் இழப்பைச் சிலர் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். வேகத்தை உயர்த்த வேண்டிய நாளில் எதிர்ப்பு அங்கிருந்துதான் எழும்.

முடிவெடுப்பவர் யார், எத்தனை நாளில், கருத்து வேறுபட்டால் இறுதிச் சொல் யாருடையது, அதுவரை எந்த இடைக்கால நடவடிக்கை நீடிக்கும் என்பவற்றை ஒரு பத்தியில் எழுதினால் போதும். ஆண்டறிக்கையில் மூல அளவீடுகளும் சேர்க்கப்பட வேண்டும் என்று மறவாமல் கேளுங்கள். சுருக்கத்தை மட்டும் பார்த்து எல்லை அளவைச் சரிபார்க்க இயலாது.

அனுமதிக் காலம் முடிந்த பிறகோ, நிறுவனம் அனுமதியைத் திருப்பி ஒப்படைத்த பிறகோ, அதற்கு முன் நேர்ந்த தீங்குக்கான ஈடு நிலுவையில் இருந்தால் அது தொடர்ந்து கடப்பாடாகவே இருக்கும். எனவே கடைசி ஆண்டின் மதிப்பீடு வெளிவரும் நாள்வரை கண்காணிப்பும் நிதி உறுதியும் நீடிக்கும் என்பதையும், நிலமோ ஆலையோ கைமாறினால் புதிய உரிமையாளர் இக்கடப்பாடுகளை எழுத்தில் ஏற்ற பிறகே அனுமதி மாற்றப்படும் என்பதையும் இறுதி விதிகளாகச் சேர்த்துவிடுங்கள்.