ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டு மலையேறுவது எப்படி: ஸ்னோபோர்டு பழகுபவர்களுக்கு டிராக் லிஃப்ட் பாடம்

இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டைப் பழக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கவலையெல்லாம் எப்படி இறங்குவது என்பதில்தான். மேலே எப்படிப் போவது என்று யாரும் யோசிப்பதில்லை. சரிவுக்குப் போய் வரிசையில் நின்ற பிறகுதான் தெரியும், அங்கே நாற்காலி இல்லை. வடத்தில் தொங்கும் ஒரு கம்பி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் சின்ன மலையூர்களில் இதுதான் வழக்கம். பெரிய ஊர்களில் சேர்லிஃப்டும் கேபிள் காரும் இருக்கும். ஊர்ச் சரிவுகளிலும் பனியாறுகளின் மேலேயும், ஆளைப் பனித்தரையிலேயே இழுத்துக்கொண்டு ஏறும் டிராக் லிஃப்ட்தான். போடுவதற்குச் செலவு குறைவு, வடம் தாழ்வாகப் போவதால் காற்றுக்கும் அவ்வளவாக அஞ்சாது. செர்மாட்டில் கோடைக்காலப் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களும் டி-பார் என்ற டி வடிவ இழுவைக் கம்பியைப் பிடித்துத்தான் ஏறியாக வேண்டும். ஆக, இதைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

காலுக்கு ஒரு பலகை கட்டிச் சறுக்கும் ஸ்கீ ஆட்களுக்கு ஏன் இது சுலபம், நமக்கு ஏன் கஷ்டம்? எர்ன்ஸ்ட் கான்ஸ்டம் என்ற சுவிஸ் பொறியாளர் டாவோஸின் போல்கன் சரிவில் தன் லிஃப்டை ஓடவிட்டது 1934 டிசம்பரில். அப்போது ஆளுக்கு ஒரு ஜே வடிவக் கொக்கி. பிறகு இரண்டு பேரை ஒன்றாக இழுக்கும் டி வடிவம் வந்தது. ஸ்னோபோர்டின் முன்னோடியான ஸ்னர்ஃபர் அமெரிக்காவில் பிறந்ததோ 1965-ல். இரண்டு பாதமும் மலையைப் பார்த்து நிற்கிறவர்களுக்காகச் செய்த சாதனம் இது. நாம் பக்கவாட்டில் நிற்கிறோம், அதுவும் முன்காலை மட்டும் கட்டிக்கொண்டு.

என் கருத்து இதுதான்: லிஃப்டைத் தனியாகக் கற்க வேண்டியதே இல்லை. ஒற்றைக் காலைக் கட்டிக்கொண்டு நேர்க்கோட்டில் சறுக்கத் தெரிந்தால் போதும். அதைச் சமதளத்தில் பழகாமல் நேரே வரிசைக்குப் போவதால்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

எதெல்லாம் டிராக் லிஃப்ட்

மேஜிக் கார்பெட் என்பது நகரும் பட்டை. ஏறி நின்றால் போதும், இதற்குப் பாடம் வேண்டாம். குழந்தைகள் பழகும் இடங்களில் இடுப்பளவில் கைப்பிடியோடு ஓடும் கயிறு லிஃப்ட் இருக்கும்; கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்தி நின்றால் வேலை முடிந்தது.

நமக்கு வேண்டியவை மற்ற இரண்டு. பட்டன் லிஃப்டில் ஒரு கம்பி, அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னதாக ஒரு வட்டு. ஓர் ஆளுக்கு ஒன்று. சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பகுதியில் டெல்லர்லிஃப்ட் என்பார்கள். டி-பாரில் தலைகீழான டி, இரு பக்கமும் ஆள் நிற்கலாம். அதற்குப் பெயர் பியூகல்லிஃப்ட். வாய்ப்பிருந்தால் பட்டனில் தொடங்குங்கள். அதில் பக்கத்து ஆளைப் பற்றிக் கவலையில்லை.

கிளம்பும் முன்

சால்வை, தொங்கும் வார், நீளமான கோட்டுப் பட்டை எல்லாவற்றையும் உள்ளே செருகிவிடுங்கள். முதுகுப்பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது கீழேயே வைத்துவிடுங்கள். இறங்கும்போது கம்பியில் ஏதாவது சிக்கினால் அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும். இந்த விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுதான் பைண்டிங். பின்பக்க பைண்டிங்கின் உயர்ந்த முதுகுத் தகட்டை முன்னோக்கி மடக்கிவிடுங்கள். பலகையில் இரண்டு பைண்டிங்குக்கு நடுவே, பின் பைண்டிங்கை ஒட்டி, ஸ்டாம்ப் பேட் என்ற சொரசொரப்பான ஒட்டு இருக்கிறதா பாருங்கள். வாடகைப் பலகைகளில் பல நேரம் இருக்காது. வாங்கி ஒட்டிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. பூட்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் பனியைத் தட்டிவிட்டுத்தான் பலகை மேல் காலை வைக்க வேண்டும்.

சமதளத்தில் அரை மணி நேரம்

முன்காலை மட்டும் கட்டுங்கள். இடது கால் முன்னால் இருந்தால் நீங்கள் ரெகுலர், வலது முன்னால் என்றால் கூஃபி.

முதலில் தள்ளிப் போவது. பின்காலால் தரையைச் சின்னச் சின்ன அடியாகத் தள்ளுங்கள். எல்லோரும் பெரிய அடி எடுத்து வைக்கப் பார்ப்பார்கள். அப்போது எடை முழுக்கப் பின்காலுக்குப் போய், பலகை தன் வழியில் கிளம்பிவிடும். எடை முன்காலில், பார்வை போகும் திசையில். கீழே பலகையைப் பார்த்தால் பலகையும் வளையும்.

அடுத்து, மூன்று நான்கு தடவை தள்ளிவிட்டுப் பின்காலைப் பலகையில் ஏற்றுங்கள். பாதத்தின் வெளிப்பக்கம் பின் பைண்டிங்கின் உள்பக்கத்தில் அழுத்திப் பதிய வேண்டும். நடுவில் சும்மா வைத்தால் வழுக்கும். அப்படியே வேகம் தீரும்வரை நில்லுங்கள். முழங்கால் இரண்டும் லேசாக மடங்கியிருக்கட்டும்.

இது கைவந்ததும் ஒரு சின்ன மேட்டிலிருந்து அதே மாதிரி நேராக இறங்கிப் பாருங்கள். கீழே தானாகவே நின்றுவிடும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிறுத்தவும் தெரிய வேண்டும் என்ற பயம் அப்போது இருக்காது.

கடைசியாக, ஒரு நண்பர் வேண்டும், ஒரு ஸ்கீ குச்சி வேண்டும். அவர் முன்னால் நடந்து குச்சியால் இழுக்க, நீங்கள் முன்பக்கக் கையால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பலகையில் நில்லுங்கள். இழுப்பு தொடங்கும் நொடியில் உடம்பு பின்னால் சாயப் பார்க்கும், அதைக் கவனியுங்கள். அவரை ஒரே சீராக இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நிறுத்தி, திடீரென்று இழுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்து விளையாடட்டும். லிஃப்டில் வரப்போகும் எல்லா அதிர்ச்சியும் இதிலேயே தெரிந்துவிடும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கம்பியைப் பிடிப்பது

வரிசை நகரும்போது முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். இது முதல் தடவை என்று லிஃப்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். வேகத்தைக் குறைப்பார், கம்பியைக் கையில் எடுத்தும் கொடுப்பார். கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

உங்கள் முறை வந்ததும் குறியிட்ட இடத்துக்குத் தள்ளிப் போங்கள். பலகையின் மூக்கு நேராக மேல்நோக்கி, லிஃப்ட் தடத்தின் நடுவில் இருக்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கோணினாலும் இழுப்பு வந்ததும் அந்தக் கோணத்திலேயே வெளியே போய்விடுவீர்கள். பின்காலை இப்போதே பைண்டிங்கை ஒட்டி வையுங்கள். பிறகு தோளுக்கு மேலாகத் திரும்பி வரும் கம்பியைப் பாருங்கள்.

பட்டன் என்றால், கம்பியைப் பிடித்து வட்டைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய் முன்காலின் தொடைக்குப் பின்புறம் மாட்டுங்கள். கம்பி நெஞ்சுக்கு முன்னால் மேலே போகும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்திக் காத்திருங்கள். ஒரு நொடி எதுவும் நடக்காது, அப்புறம் வெடுக்கென்று ஒரு இழுப்பு. பிரான்ஸ் பக்கம் போனால் இந்த இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். அங்கே நிறைய இடங்களில் கம்பிகள் நிலையத்தில் அடுக்கி நின்று, ஒவ்வொன்றாக ஓடும் வடத்தைக் கவ்விக்கொண்டு கிளம்பும். ஆல்ப் டுஏஸில் 1930களில் இந்த வகையைக் கொண்டுவந்த ழான் போமகால்ஸ்கியின் பெயரால் அதைப் போமா என்றே சொல்கிறார்கள்.

எந்த லிஃப்டாக இருந்தாலும் ஒரே விதி: உட்காராதீர்கள். கம்பி தொடையை இழுக்கும், எடையைத் தாங்காது. பல லிஃப்டுகளில் மேலே இருக்கும் பெட்டியில் ஸ்பிரிங் வைத்துச் சுற்றிய கயிறு இருக்கிறது, அளவு டேப்பை இழுத்தால் நீள்வது போல அதுவும் நீளும். நீங்கள் உட்கார உட்கார அது இறங்கும். கடைசியில் பனியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

டி-பாரில் எந்தப் பக்கம் நிற்பது

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. நடுக்கம்பி உங்கள் நெஞ்சுக்கு எதிரே வரும்படி நில்லுங்கள். ரெகுலர் ஆள் மேலே பார்த்து நிற்கையில் நெஞ்சு வலப்பக்கம் இருக்கும். ஆகவே அவருக்கு இடப்பக்க இடம். கூஃபிக்கு வலப்பக்கம். அப்படி நின்றால் டி-யின் உங்கள் பக்கக் கை கால்களுக்கு நடுவே வந்து முன்காலின் தொடைக்குப் பின்னால் தானாகப் பொருந்தும்.

ஒரு ரெகுலரும் ஒரு கூஃபியும் சேர்ந்தால் இருவரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டே போகலாம், இதைவிட வசதி கிடையாது. இரண்டு பேரும் ரெகுலர் என்றால் ஒருவருக்குக் கம்பி முதுகுப்பக்கம் வரும். அனுபவம் உள்ளவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளட்டும். உயரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் சேர்ந்து போகாதீர்கள். ஒருவர் இடுப்பில் இருக்கும் கம்பி மற்றவர் முழங்காலில் இருக்கும்.

தனியாகப் போவது எனக்கு இதைவிடப் பிடிக்கும். அதே பக்கத்தில் நின்று பாதி டி-யை மாட்டிக்கொள்ளலாம், மறுபாதி சும்மா தொங்கும். நடுக்கம்பி உங்களைத் தன் பக்கம் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். குதிகாலில் கொஞ்சம் எடை வைத்தால் பலகை நேராகப் போகும்.

போகும் வழியில்

வேகம் அதிகமில்லை, வினாடிக்கு இரண்டு மூன்று மீட்டர், மெதுவாக ஓடுகிற ஆளின் வேகம். முன்பக்கக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கையைச் சமநிலைக்கு விட்டுவிடுங்கள். கண் முன்னால் போகிறவரின் முதுகில் இருக்கட்டும்.

தடம் சமமாக இருக்காது. ஸ்கீக்காரர்கள் ஏறி ஏறி இரண்டு பள்ளக் கோடு விழுந்து, நடுவில் ஒரு முகடு நிற்கும். காலையில் அது உறைந்து கெட்டியாக இருக்கும். நம் பலகை அந்த முகட்டின் மேல் ஏறும், ஒரு பக்கமாகப் பள்ளத்தில் சறுக்கும். அப்போது பலகையைக் காலால் திருகித் திருத்தப் பார்க்காதீர்கள். தட்டையாக விட்டு, முழங்காலை மட்டும் மடக்கி, அது போகிற பள்ளத்திலேயே போகவிடுங்கள். தடம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் மேட்டுப் பக்க விளிம்பில் மிக மெல்ல எடை வையுங்கள். மெல்ல என்றால் கால்விரலைச் சுருக்குகிற அளவு, அல்லது குதிகாலைக் கொஞ்சம் அழுத்துகிற அளவுதான்.

பாதி வழியில் தைரியம் வந்து இடமும் வலமுமாக வளைத்து விளையாடத் தோன்றும். வேண்டாம். வடம் சக்கரத்திலிருந்து கழன்றால் எல்லோருக்கும் ஆபத்து, லிஃப்ட்காரர் கத்துவதிலும் தப்பில்லை.

விழுந்தால்

விழுவீர்கள். கம்பியை உடனே விடுங்கள். பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போனால் எழுந்துவிடலாம் என்று தோன்றும். அப்படி எழுந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. விட்ட கையோடு தடத்தை விட்டு உருண்டு வெளியே வாருங்கள், பின்னால் அடுத்த ஆள் வந்துகொண்டிருக்கிறார். எழுந்து நிற்பது, பனியைத் தட்டுவது எல்லாம் வெளியே வந்த பிறகுதான். அங்கே இரண்டு காலையும் கட்டிக்கொண்டு ஓரமாகவே கீழே இறங்கி மறுபடி வரிசைக்குப் போங்கள். விழுந்த இடத்திலேயே காத்திருந்து காலியாக வரும் கம்பியைப் பிடிக்கப் பார்ப்பது மட்டும் கூடாது.

மேலே இறங்குவது

மேல் முனைக்குச் சற்று முன்பே இறங்கும் இடத்தைக் காட்டும் அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள். அதற்கு முன் விடாதீர்கள், அதைத் தாண்டியும் தொங்கிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் அங்கே தரை சமமாகி, இழுப்பு தளரும். தளரவில்லை என்றால் கம்பியைக் கையால் உங்கள் பக்கம் இழுத்துத் தளர்த்துங்கள். பிறகு தொடையிலிருந்து கழற்றி, யார் மேலும் ஆடிப் படாமல் நேராகப் பின்னால் விடுங்கள். இருவராக வந்தால் யார் முதலில் விலகுவது, யார் கம்பியை விடுவது என்று வழியிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தின் சறுக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம் நிற்பவர் முதலில் விலகுவது சுலபம்.

விட்ட பிறகு நிற்கக் கூடாது. பின்கால் பைண்டிங்கை ஒட்டியே இருக்கட்டும், வந்த வேகத்திலேயே நேராகச் சறுக்கி விலகுங்கள். வேகம் போதாவிட்டால் சமதளத்தில் பழகியபடி தள்ளிக்கொண்டு போங்கள். வருகிறவர்களின் வழியை விட்டுத் தள்ளி, கீழே சரிவு தெரிகிற ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பின்காலைக் கட்டிக்கொள்ளலாம்.

முன்காலின் முழங்காலும் கணுக்காலும் முதல் நாள் மாலையில் வலிக்கும். பலகை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் திரும்பி நின்றதன் விலை அது. வழியில் இடுப்பையும் தோளையும் கொஞ்சம் மலைப் பக்கம் திருப்பி நின்றால் திருகல் குறையும். முதல் நாளுக்கு நீளமான லிஃப்ட் வேண்டாம். குட்டிச் சரிவில் குட்டி லிஃப்டாகப் பார்த்துப் பல தடவை ஏறி இறங்குங்கள். பனியாற்று டி-பாரெல்லாம் அடுத்த சீசனுக்கு இருக்கட்டும்.