என்பிடெல் பாடத்தை மார்க் ஷீட்டில் ஏற்றுவது எப்படி

ஐஐடி போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் பாடத் திட்டமான என்பிடெல்லில் (NPTEL) சான்றிதழ் வாங்குவது ஒரு வேலை. அதைக் கல்லூரியில் கிரெடிட்டாக (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட மதிப்பாக) ஏற்ற வைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையை, பாடத்தில் பெயர் கொடுப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். தன்னாட்சி பெற்ற ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் பாடம் நடத்துகிறேன். எங்கள் லோக்கல் சாப்டருக்கு, அதாவது கல்லூரியில் உள்ள என்பிடெல் கிளைக்கு, ஸ்பாக் (பொறுப்பாளர்) நான்தான். ஒவ்வொரு ஜூலையிலும் ஜனவரியிலும் என்னைத் தேடி வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விதி. 2016இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி, ஒரு செமஸ்டரில் நடக்கும் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் (என்பிடெல் பாடங்களும் வரும் மத்திய அரசின் இணையதளம்) வழியாகப் படிக்கலாம். 2021இல் அதை 40 சதவீதமாக உயர்த்தினார்கள். இந்த 40ஐப் பார்த்துவிட்டு, “மேடம், நான் ரெண்டு எலக்டிவையும் (விருப்பப் பாடம்) என்பிடெல்லயே முடிச்சிடறேன்” என்று சிலர் வந்து நிற்பார்கள். யுஜிசி சொல்வது உச்ச வரம்பு. அதற்குள் எத்தனை பாடம், எந்தெந்தப் பாடம், எந்த செமஸ்டர் என்பதையெல்லாம் உங்கள் கல்லூரியின் அகடமிக் கவுன்சில்தான் முடிவு செய்யும். ஆகவே நீங்கள் படிக்க வேண்டிய முதல் ஆவணம் உங்கள் பேட்ச்சுக்கான ரெகுலேஷன் (படிப்புக்கான விதித் தொகுப்பு). சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் வேறு ரெகுலேஷனில் படித்தவராக இருக்கலாம்.

அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். என்பிடெல் பாடம் எந்த எலக்டிவுக்கு ஈடாகும்? மதிப்பெண்ணை கிரேடாக மாற்றி சிஜிபிஏவில் (மொத்தப் படிப்பின் கிரேடு சராசரி) சேர்ப்பார்களா, கிரெடிட்டை மட்டும் கணக்கில் எடுப்பார்களா? தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு? என்பிடெல் கணக்கில் சான்றிதழுக்கு மொத்தம் குறைந்தது 40 வேண்டும்; அதன் உள்கணக்கைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தேர்ச்சிக்கு 50 வேண்டும் என்கிற கல்லூரியில் 46 எடுத்தவருக்குச் சான்றிதழ் கையில் இருக்கும், கிரெடிட் இருக்காது.

கிரெடிட் கணக்கு எளிது. 4 வாரப் பாடத்துக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3. வழக்கமான எலக்டிவ் 3 கிரெடிட் என்பதால் பெரும்பாலும் 12 வாரப் பாடம்தான் பொருந்தும். தலைப்பு பிடித்திருக்கிறது என்று 8 வாரப் பாடத்தை எடுத்துவிட்டு, மீதி ஒரு கிரெடிட்டுக்கு எங்கே போவது என்று அலைய வேண்டாம். பாடத்திட்டம் நீங்கள் ஏற்கெனவே படித்த கோர் பாடத்தோடு பெருமளவு ஒத்துப்போனாலும் துறையில் நிராகரிப்பார்கள். என்பிடெல் பக்கத்தில் வாரவாரியாகப் போட்டிருக்கும் பாடத்திட்டத்தை அச்செடுத்து, உங்கள் சிலபஸோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அனுமதிக் கடிதம். பாடத்தின் முழுப் பெயர், நடத்தும் பேராசிரியர், அவர் எந்த நிறுவனம், எத்தனை வாரம், எந்த எலக்டிவுக்குப் பதிலாக எடுக்கிறீர்கள் என்று எழுதி எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாக “எடுத்துக்கோப்பா” என்றால் போதாது. எச்ஓடி மாறுவார், கோப்பு மாறும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி எலீட் சில்வர் என்ற உயர்ந்த தரச் சான்றிதழே வாங்கினாள். அந்தப் பாடம் கவுன்சில் ஒப்புதல் கொடுத்த பட்டியலில் இல்லை. அவளிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. கடைசியில் அந்த எலக்டிவை வகுப்பில் உட்கார்ந்து மறுபடி படித்தாள். நன்றாகப் படித்த பிள்ளைக்கு இப்படி நடக்கவே கூடாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை இத்தனை தூரம் வற்புறுத்துகிறேன்.

எந்த செமஸ்டரில் எடுக்கலாம்? என்னைக் கேட்டால் ஐந்தாவது, ஆறாவது. எட்டாவதில் வேண்டாம். ஜனவரியில் தொடங்கும் பாடத்துக்குத் தேர்வு ஏப்ரல் வாக்கில் வரும், முடிவு அதற்கும் பிறகு. கல்லூரியில் எல்லாருடைய ரிசல்ட்டும் வந்துவிட, உங்களுடையது மட்டும் ஒரு பாடத்துக்காக நிற்கும். வேலையில் சேரும் இடத்தில் புரொவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) கேட்டால் என்ன செய்வீர்கள்? முன்கூட்டியே முடித்து வைத்தால் கடைசி செமஸ்டரை ப்ராஜெக்டுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் முழுசாக விடலாம். இந்த ஏற்பாட்டின் உண்மையான லாபம் அதுதான்.

பெயர் பதியும்போது கல்லூரி மின்னஞ்சலையே கொடுங்கள். மார்க் ஷீட்டில் உள்ளபடி பெயரை எழுதுங்கள், இனிஷியல் உட்பட. உங்கள் கல்லூரியின் லோக்கல் சாப்டரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். அதைச் செய்யாவிட்டால் என் பட்டியலில் உங்கள் பெயரே வராது. பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் தனித்தனி. சேர்வதற்குக் காசில்லை, தேர்வுக்குத்தான் கட்டணம். அந்தப் பதிவு பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மூடிவிடும். “நான்தான் வாரா வாரம் அசைன்மென்ட் போட்டேனே மேடம்” என்று தேதி தாண்டி வருகிறவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. தேர்வு நாளும் பாடத்தின் பக்கத்திலேயே இருக்கும். கல்லூரித் தேர்வோடு மோதுகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இனி மதிப்பெண். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடம் என்றால் 12 அசைன்மென்ட்டில் உங்களுக்கு அதிகம் வந்த 8ஐ எடுத்து சராசரி போடுவார்கள். 8 வாரத்துக்கு 6, 4 வாரத்துக்கு 3. சான்றிதழுக்கு இரண்டு வாசலையும் தாண்ட வேண்டும்: 25க்கு 10, 75க்கு 30.

மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். அசைன்மென்ட் எல்லாம் நூற்றுக்கு நூறு, ஆகவே 25. தேர்வில் 100க்கு 38. அதை 75க்கு மாற்றினால் 28.5. மொத்தம் 53.5, ஆனாலும் சான்றிதழ் கிடையாது. இன்னொருவர் தேர்வில் 80 எடுக்கிறார், அதாவது 60. அசைன்மென்ட் சராசரி 36, அதாவது 9. மொத்தம் 69. அவருக்கும் கிடையாது. சில நிரலாக்கப் பாடங்களில் இந்தப் பங்கீடே வேறு, கணினியில் எழுதும் தேர்வும் இருக்கும். உங்கள் பாடத்தின் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கணக்கு.

முதல் வகையினர் ஏன் 38இல் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். டெலிகிராமில் வாரா வாரம் விடை வருகிறது, யூடியூபிலும் வருகிறது. பார்த்துக் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். அது நேர்மையில்லை. தேர்வு மையத்தில் உட்காரும்போது அந்த 25ஆல் ஒரு உபயோகமும் இல்லை. அசைன்மென்ட்டை நீங்களே போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே வீடியோ பார்த்த அன்றே ஒருமுறை போட்டு அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, சந்தேகமான கேள்விகளை மட்டும் தாளில் கணக்குப் போட்டுத் திருத்துங்கள். கெடு முடிந்ததும் விடை வெளியிடுவார்கள். எது ஏன் தப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த நோட்டு ஒன்று போதும். நண்பர்களோடு சேர்ந்து பேசிப் புரிந்துகொள்வதில் தவறே இல்லை. பேசி முடித்ததும் அவரவர் இடத்துக்குப் போய் அவரவர் போடுங்கள். வெளியிட்ட விடையே தப்பாகத் தெரிந்தால், பாடத்தின் கேள்வி பதில் பகுதியில் காரணத்தோடு எழுதுங்கள். திருத்தி மறுபடி மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

சான்றிதழில் 60 முதல் எலீட், 75 முதல் எலீட் சில்வர், 90 முதல் எலீட் கோல்ட். மார்க் ஷீட்டில் இந்தப் பெயர்கள் வராது, கல்லூரியின் கிரேடுதான் வரும். கிரேடை சிஜிபிஏவில் சேர்க்கிற கல்லூரியில் அது எவ்வளவு அசைக்கும் என்று கேட்பார்கள். இதுவரை 100 கிரெடிட், சிஜிபிஏ 8.6 என்று வையுங்கள். இந்த 3 கிரெடிட்டில் 7 புள்ளி வந்தால் 860ஓடு 21 சேரும், 103ஆல் வகுத்தால் 8.55. பயப்படுகிற அளவு இறக்கமில்லை. கம்பெனிக்காரர்கள் கேட்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் மட்டும் யோசித்து இறங்குங்கள்.

தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். சில இடங்களில் அரியராக ஏறும். சில இடங்களில் அந்த எலக்டிவை வகுப்பில் எடுத்து ஈடுகட்டலாம்.

ரிசல்ட் வந்ததும் இ-சான்றிதழைத் தரவிறக்கி, அனுமதிக் கடிதத்தின் நகலோடு துறையில் கொடுங்கள். கொடுத்ததற்குத் தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள். துறைக் குழு பார்த்து சிஓஇ (தேர்வுக் கட்டுப்பாட்டாளர்) அலுவலகத்துக்கு அனுப்பும். அடுத்த மார்க் ஷீட் வரும்போது மூன்றைச் சரிபாருங்கள்: பாடத்தின் பெயர், கிரெடிட், கிரேடு. வராமல் போயிருந்தால் அந்த வாரமே சிஓஇ அலுவலகத்துக்குப் போங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் அச்சான பிறகு திருத்துவதற்கு ஆகும் அலைச்சலும் நாளும் அதிகம்.